சோயா புரதத்தைத் தண்ணீர் குடிக்க வைப்பது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். ஒருவர் சோயா புரதப் பொடியையும் கிளிசரினையும் சம எடையில் பிசைந்து, சூடான அச்சில் அழுத்தித் தகடாக்கியிருக்கிறார். தண்ணீரில் ஊறப்போட்டால் தகடு ஏறக்குறைய தன் எடையளவுதான் குடிக்கிறது. இரண்டு நாளில் கொழகொழத்து நாற்றமடிக்கிறது. டயாப்பருக்குள் இருக்கும் பொடி நூற்றுக்கணக்கான மடங்கு குடிக்கிறதே, இதை அந்த அளவுக்குக் கொண்டுவர வழி உண்டா, கொண்டுவந்த பிறகும் இது மட்குமா என்று கேட்கிறார்.

வழி உண்டு. ஆனால் நூற்றுக்கணக்கான மடங்கு என்ற எண்ணத்தை முதலில் ஓரமாக வைத்துவிடுங்கள். அது காய்ச்சி வடித்த தண்ணீரில் எடுத்த கணக்கு. அதே டயாப்பர் பொடியை 0.9 சதவீத உப்புக் கரைசலில் ஊறவைத்து, சுழற்றிப் பிழிந்துவிட்டு எடை போட்டால் கிராமுக்கு 30 கிராம் வாக்கில்தான் நிற்கும். நீங்கள் துரத்த வேண்டிய எண் இதுதான். தன் எடையைப் போல 10 மடங்குக்கு மேல் குடித்தாலே சூப்பர் அப்சார்பென்ட் (அதீத உறிஞ்சி) கணக்கில் சேர்த்துவிடுவது இத்துறையில் வழக்கம். உங்கள் தகட்டிலிருந்து 10 மடங்குக்குப் போவது நடக்கிற காரியம்.

முதலில் உங்கள் தகட்டில் என்ன நடந்தது என்று பார்த்துவிடலாம். அதன் பாதி எடை கிளிசரின். கிளிசரின் தண்ணீரில் எந்த விகிதத்திலும் கலக்கும். தகட்டை ஊறப்போட்டதும் அது வெளியே கசிந்துவிடுகிறது, விட்டுப்போன இடத்தில் தண்ணீர் உட்காருகிறது. நீங்கள் எடைபோட்டதில் பெரும்பகுதி இந்த இடமாற்றம்தான். புரதம் தன் பங்குக்குக் குடித்தது எவ்வளவு என்று அந்த எடையிலிருந்து சொல்லவே முடியாது. அளக்கும் முறையைப் பின்னால் சொல்கிறேன்.

இனி, டயாப்பர் பொடி ஏன் குடிக்கிறது? அதைப் பஞ்சு மாதிரி நினைத்துக்கொள்கிறவர்கள் அதிகம். பஞ்சில் தண்ணீர் இடுக்குகளில் நிற்கிறது, பிழிந்தால் வந்துவிடும். டயாப்பர் பொடியான சோடியம் பாலிஅக்ரிலேட்டில் நடப்பது வேறு. நீண்ட கார்பன் சங்கிலி, அதன் கண்ணிக்குக் கண்ணி ஒரு கார்பாக்சில் குழு, அதாவது புரோட்டானை இழந்தால் மைனஸ் மின்சுமை பெறும் அமிலக் குழு. அதில் பெரும்பாலானவை மைனஸ் மின்சுமையோடு இருக்கும், ஒவ்வொன்றுக்கும் துணையாக ஒரு சோடியம் அயனி. சோடியத்துக்கு வெளியே போக ஆசைதான், ஆனால் போனால் மின்சமநிலை கெட்டுவிடும் என்பதால் உள்ளேயே சிறைப்பட்டிருக்கிறது. உள்ளே அயனிக் கூட்டம், வெளியே வெறும் தண்ணீர். கூட்டத்தைக் கரைத்துச் சமன்செய்யத் தண்ணீர் உள்ளே பாய்கிறது. சங்கிலிகளை ஆங்காங்கே முடிச்சுப் போட்டு வலையாக்கியிருப்பதால் எல்லாம் கரைந்தோடிவிடாமல் ஜெல்லாக உப்புகிறது. உப்பவைக்கும் விசையும் வலை இழுக்கும் விசையும் எங்கே சமமாகின்றனவோ அங்கே நின்றுவிடும். வெளியே உப்பைக் கலந்துவிட்டால் உள்ளுக்கும் வெளிக்கும் வித்தியாசம் குறைகிறது, குடிப்பதும் சரிகிறது. கால்சியம், மெக்னீசியம் போன்ற இரட்டை மின்சுமை அயனிகள் இருந்தால் இன்னும் மோசம். அவை இரண்டு கார்பாக்சில் குழுக்களைச் சேர்த்துப் பிடித்து, வலையை மேலும் இறுக்கிவிடும். கடினத்தன்மை அதிகமுள்ள நிலத்தடி நீரில் சோதித்துவிட்டு “பொடி சரியில்லை” என்று தூக்கிப்போட்டவர்களை எனக்குத் தெரியும்.

ஆக, உறிஞ்சுவதற்கு மூன்று விஷயம் வேண்டும்: ஒரே வகை மின்சுமை நிறைய, கரைந்துவிடாமல் பிடிக்கும் அளவான முடிச்சுகள், தண்ணீர் சீக்கிரம் உள்ளே நுழையத் திறந்த அமைப்பு. சோயா புரதம் இயற்கையில் மூன்றிலும் தோற்கிறது.

கணக்குப் போட்டால் நிலைமை புரியும். 70 சதவீதம் நடுநிலையாக்கிய, அதாவது கார்பாக்சில் குழுக்களில் அவ்வளவைச் சோடியம் வடிவத்துக்கு மாற்றிய பாலிஅக்ரிலேட் 1 கிராமில் சுமார் 8 மில்லிமோல் (எண்ணிக்கையைச் சொல்லும் வேதியியல் அலகு) மைனஸ் மின்சுமை இருக்கிறது. சோயா புரதம் 1 கிராமில் திறந்த கார்பாக்சில் குழுக்கள் 1 மில்லிமோல் வாக்கில். அவற்றுக்கு எதிராக லைசின், ஆர்ஜினின் ஆகிய அமினோ அமிலங்களின் பிளஸ் மின்சுமை கிட்டத்தட்ட அதே அளவுக்கு இருக்கிறது. பிளஸ்ஸும் மைனஸும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு சங்கிலியைச் சுருட்டி வைத்திருக்கின்றன. போதாக்குறைக்கு, சோயாவின் முக்கியமான இரு புரதங்களான கிளைசினினும் பீட்டா-கான்கிளைசினினும் உருண்டைகளாக மடிந்தவை. தண்ணீரை வெறுக்கும் பகுதிகளை உள்ளே மறைத்துக்கொண்டிருப்பவை. பிஎச் 4.5 வாக்கில் பிளஸ்ஸும் மைனஸும் சரிக்குச் சரியாகி, புரதம் தயிர் போலத் திரிந்து படிந்துவிடுவதும் இதனால்தான்.

எனவே வேலை இதுதான்: உருண்டையை அவிழ்க்க வேண்டும், பிளஸ்ஸைக் கொல்ல வேண்டும், அந்த இடத்தில் மைனஸை நட வேண்டும். கடைசி இரண்டையும் ஒரே அடியில் செய்வது சக்சினிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருள். லைசினின் பக்கக் கிளையில் இருக்கும் அமீன் குழுவோடு அது அமைடு பிணைப்பு போட்டுக்கொள்கிறது, வளையம் திறந்து மறுமுனையில் ஒரு கார்பாக்சில் குழு கிடைக்கிறது. ஒரு பிளஸ் போய் ஒரு மைனஸ் வருகிறது, அதாவது ஒவ்வொரு லைசினுக்கும் இரண்டு படி மாற்றம். சோயா புரதத்தில் எடைக்கு 6 சதவீதம் லைசின், கிராமுக்கு 0.4 மில்லிமோலுக்கு மேல். எல்லாவற்றையும் மாற்றினால் நிகர மின்சுமை கிராமுக்கு 0.8 மில்லிமோல் மைனஸ் பக்கம் நகரும். பாலிஅக்ரிலேட்டின் 8-க்கு இது பத்தில் ஒரு பங்கு. புரதத்தில் செய்த எதுவும் டயாப்பர் பொடியை எடைக்கு எடை வெல்லாது என்று நான் சொல்வதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

இன்னும் ஏற்ற வேண்டுமானால் ஈடிடிஏ டயன்ஹைட்ரைடு இருக்கிறது. ஒரு லைசினில் அதை ஒட்டினால் மூன்று கார்பாக்சில் குழுக்கள் வந்து சேரும். 1990களில் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்ரீனிவாசன் தாமோதரனின் குழு இந்த வழியில் செய்த சோயா ஜெல் கிராமுக்கு 80 முதல் 300 கிராம் வரை தண்ணீர் குடித்தது. எவ்வளவு மாற்றினார்கள், எவ்வளவு முடிச்சுப் போட்டார்கள், துகள் எவ்வளவு பெரியது, பிஎச் என்ன, உப்பு எவ்வளவு என்பதைப் பொறுத்துத்தான் அந்த இடைவெளி. பிறகு ஸ்வீடனிலும் கோதுமைப் புரதத்தில் இதே வினைப்பொருளைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். எண்களைப் பார்த்தால் வாய் பிளக்கத் தோன்றும். ஆனால் மட்கும் பொருள் என்ற பெயரில் ஈடிடிஏ-வைக் கொண்டுவருவதில் எனக்கு மனம் ஒப்பவில்லை. அது சூழலில் மெதுவாகச் சிதைவது, உலோக அயனிகளைக் கவ்விக்கொள்வது. சக்சினிக் அமிலம் அப்படியல்ல, ஒவ்வொரு உயிரணுவின் வளர்சிதை மாற்றத்திலும் வந்துபோகிற சாதாரணப் பொருள். உறிஞ்சும் திறனில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் நான் சக்சினிக் பக்கம்தான் நிற்பேன்.

எந்தப் புரதம் என்பதும் முக்கியம். பட்டாணி, உருளைக்கிழங்குப் புரதங்களில் லைசின் சோயா அளவுக்கோ கூடவோ உண்டு, மேலே சொன்னது அப்படியே பொருந்தும். மக்காச்சோளத்தின் சீன் புரதத்தில் லைசின் இல்லை என்றே சொல்லலாம், இந்த வேலைக்கு அதைத் தொடாதீர்கள். கோதுமையின் குளூட்டன் ஒரு தனிக் கதை. லைசின் 2 சதவீதம்கூட இல்லை, ஆனால் அமினோ அமிலங்களில் மூன்றில் ஒரு பங்கு குளூட்டமின். குளூட்டமினின் அமைடை அமிலத்தாலோ நொதியாலோ உடைத்தால் அம்மோனியா வெளியேறி, குளூட்டமிக் அமிலமாகி, ஒரு கார்பாக்சில் குழு கிடைக்கும். காகிதக் கணக்கில் கிராமுக்கு 3 மில்லிமோல் வரை! அன்ஹைட்ரைடே வேண்டாம். சிக்கல் என்னவென்றால், அமைடை உடைக்கும் அமிலமும் சூடும் சங்கிலியின் முதுகெலும்பையும் வெட்டத் தொடங்கிவிடும். அம்மோனியா வாசனையைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டே சங்கிலியைத் தூளாக்கிவிடுவது இதில் சகஜம். துண்டுச் சங்கிலிகளில் வலை நிற்காது.

நடுவில் ஒரு வேடிக்கை. புரத பிளாஸ்டிக் புதிதல்ல. பாலின் கேசினை ஃபார்மால்டிஹைடில் ஊறவைத்துக் கெட்டியாக்கும் கலலித் 1897-இலேயே வந்துவிட்டது. பொத்தானும் பேனாவும் அதில் செய்தார்கள். 1930களில் ஹென்றி ஃபோர்டின் ஆய்வுக்கூடம் சோயாவைக் காருக்குள் கொண்டுவரப் படாதபாடு பட்டது, 1941-இல் சோயா கார் என்று ஒன்றைக் காட்டவும் செய்தார்கள். இவர்கள் எல்லோரையும் விடாமல் துரத்திய குறை ஒன்றே: புரத பிளாஸ்டிக் ஈரத்தை இழுத்து உப்புகிறது, கோணுகிறது. அவர்கள் ஒழிக்கப் பார்த்த குறையைத்தான் நாம் இன்று ஊதிப் பெரிதாக்குகிறோம். டயாப்பர் பொடியின் மூதாதையும் ஒரு தாவரப் பொருள்தான். 1970களில் அமெரிக்க வேளாண் துறையின் ஆய்வகத்தில் ஸ்டார்ச்சில் அக்ரிலோநைட்ரைலை ஒட்டிச் செய்த ‘சூப்பர் ஸ்லர்ப்பர்’. பின்னால் ஸ்டார்ச்சைக் கழற்றிவிட்டு அக்ரிலேட்டை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

செய்முறைக்கு வருகிறேன். 10 கிராம் சோயா ஐசோலேட் (பிரித்தெடுத்த புரதப் பொடி) எடுத்துக்கொள்ளுங்கள், புரதம் 90 சதவீதமாவது இருக்க வேண்டும். எண்ணெய் எடுத்த சோயா மாவில் பாதிதான் புரதம், முதல் தடவை அதில் இறங்கினால் எது எதைக் கெடுத்தது என்று தெரியாது. 150 மில்லி தண்ணீரில் கலக்கி, காஸ்டிக் சோடா கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு பிஎச்சை 12 வரை ஏற்றுங்கள். கலங்கல் கஞ்சியாக இருந்தது பழுப்பேறித் தெளிய ஆரம்பிக்கும். 65 டிகிரியில் அரைமணி நேரம். உருண்டைகள் அவிழ்ந்து, ஒளிந்திருந்த லைசின்கள் வெளியே வருவது இங்கேதான். இதைத் தவிர்த்துவிட்டு நேராக அன்ஹைட்ரைடு போட்டால் மேற்பரப்பில் இருக்கும் லைசின்கள் மட்டுமே மாறும்.

ஆறவிட்டு, பிஎச்சை 8.5-க்குக் கொண்டுவாருங்கள். இனி சக்சினிக் அன்ஹைட்ரைடைச் சிட்டிகை சிட்டிகையாக, ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்துச் சேர்க்க வேண்டும். 10 கிராம் புரதத்தின் லைசினுக்குக் கணக்குப்படி 0.4 கிராம் போதும். ஆனால் தண்ணீரும் அன்ஹைட்ரைடைத் தின்னும், செரின், திரியோனின், டைரோசின் ஆகிய அமினோ அமிலங்களின் ஹைட்ராக்சில் குழுக்களும் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும். நடைமுறையில் 1.5 முதல் 2 கிராம் வரை போக வேண்டியிருக்கும். ஒவ்வொரு சிட்டிகைக்கும் பிஎச் மீட்டரின் எண் சரசரவென்று இறங்கும். 8-க்குக் கீழே விடாதீர்கள். விட்டால் லைசினின் அமீன் ஒரு புரோட்டானை மாட்டிக்கொண்டு வினைக்கு வராமல் உட்கார்ந்துவிடும், நீங்கள் போடுவதெல்லாம் தண்ணீருக்குத்தான் போகும். 1 கிராம் அன்ஹைட்ரைடுக்கு ஏறக்குறைய 0.8 கிராம் காஸ்டிக் சோடா செலவாகும். அதைவிட மிகக் குறைவாகச் செலவானால் அன்ஹைட்ரைடு அடியில் கரையாமல் கிடக்கிறது என்று அர்த்தம். இந்தப் பொடி கண், மூக்கு, தோல் எல்லாவற்றையும் எரிக்கும், கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் திறக்காதீர்கள்.

வினை முடிந்ததும் கழுவ வேண்டும். இதை அலட்சியம் செய்கிறவர்கள்தான் அதிகம். கரைசலில் இப்போது நிறைய சோடியம் சக்சினேட் இருக்கிறது, அது வெறும் உப்பு. உப்பு ஜெல்லின் வைரி என்பது மேலே பார்த்ததுதான். அமிலம் விட்டுப் புரதத்தைத் திரித்து எடுத்து, இரண்டு மூன்று தடவை தண்ணீரில் அலசுங்கள். முன்பு 4.5-இல் திரிந்த புரதம் இப்போது 4-க்கும் கீழே போனால்தான் திரியும். மாற்றம் நடந்திருக்கிறது என்பதற்கு இதுவே முதல் அத்தாட்சி. பழைய பிஎச்சிலேயே முழுதும் திரிந்துவிட்டால் வினை சரியாக நடக்கவில்லை. இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமானால் நின்ஹைட்ரின் சோதனை செய்யுங்கள். மாற்றாத புரதம் அடர் ஊதா காட்டும், லைசின் மூடப்பட்டது வெளிறிய நிறம் காட்டும். திரித்ததை மறுபடி பிஎச் 7.5-க்குக் கொண்டுவந்து கரைக்க மறக்காதீர்கள். அமில வடிவத்தில் இருக்கும் கார்பாக்சில் குழுவுக்கு மின்சுமை கிடையாது, அது உப்பாது.

அடுத்தது முடிச்சு. இங்கே ஒரு முரண்பாடு உட்கார்ந்திருக்கிறது. ஆய்வகங்களில் வழக்கமாகப் போடுவது குளூட்டரால்டிஹைடு, அது பிடிப்பதும் லைசினைத்தான். எல்லா லைசினையும் சக்சினிக்குக்குக் கொடுத்துவிட்டால் முடிச்சுப் போட ஆள் இல்லை, ஜெல் தண்ணீரில் கரைந்தோடும். பேராசைப்பட்டு 100 சதவீதம் மாற்றாமல் 70, 80 சதவீதத்தில் நிறுத்துவது இதற்காகத்தான். குளூட்டரால்டிஹைடு நஞ்சு, ஆவி மூச்சுக்குழாயைப் பதம் பார்க்கும். புரத எடையில் 1 முதல் 3 சதவீதத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள். கூடினால் வலை இறுகி, இரண்டு மூன்று மடங்கோடு நின்றுவிடும். மாற்றாக கார்டீனியா காயிலிருந்து எடுக்கும் ஜெனிபின் உண்டு. நஞ்சு மிகக் குறைவு, விலை அதிகம், ஜெல் கருநீலமாகிவிடும். எதுவும் சேர்க்காமல், காய்ந்த பொடியை 110, 120 டிகிரியில் சில மணி நேரம் சுட்டும் முடிச்சுப் போடலாம். அக்கம்பக்கத்துச் சங்கிலிகள் தாமாகவே பிணைந்துகொள்ளும். எவ்வளவு முடிச்சு விழுந்தது என்பதைக் கையாளுவது கடினம்தான், ஆனாலும் மட்கும் பொருள் என்று சொல்லிச் செய்வதற்கு இதுதான் யோக்கியமான வழி என்பது என் கருத்து.

இனிச் சொல்லப்போவதில்தான் பத்தில் எட்டுப் பேர் கோட்டைவிடுகிறார்கள்: காயவைப்பது. நானும் விட்டிருக்கிறேன். முதன்முதலில் செய்த ஜெல் கையில் தளதளவென்று நன்றாகவே இருந்தது. தட்டில் பரப்பி 60 டிகிரி அடுப்பில் இரவு முழுக்க வைத்தேன். காலையில் பார்த்தால் தேன் நிறத்தில், நகம் போலக் கெட்டியான சில்லுகள். தட்டினால் கண்ணாடிச் சத்தம். அரைத்துத் தண்ணீரில் போட்டால் மூன்று, நான்கு மடங்கு, அதற்கும் அரை நாள் எடுத்துக்கொண்டது. வேதியியல் தப்பு என்று நினைத்து இரண்டு வாரம் வினையையே நோண்டிக்கொண்டிருந்தேன். வினையில் ஒரு தப்பும் இல்லை. தண்ணீர் ஆவியாகி விலகும்போது அதன் பரப்பு இழுவிசை சங்கிலிகளை ஒன்றோடொன்று சேர்த்து இழுத்துவிடுகிறது. நெருங்கிய சங்கிலிகள் தங்களுக்குள் ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுப் பூட்டிக்கொள்கின்றன. அந்தப் பூட்டைத் தண்ணீரால் முழுக்கத் திறக்க முடியாது.

தண்ணீரை ஆவியாக்காமல் விரட்டுங்கள். ஜெல்லைச் சிறு துண்டாக்கி, அதைப் போல நான்கு மடங்கு எத்தனாலில் போட்டுக் கலக்குங்கள். தண்ணீர் எத்தனாலுக்குள் ஓடிவரும், ஜெல் பால் வெள்ளையாகிச் சுருங்கி, உதிரி உதிரியாகப் பிரியும். வடிகட்டி, புது எத்தனாலில் இன்னும் ஒருமுறை. பிறகு காற்றோட்டமான இடத்தில் தட்டில் பரப்பிக் காயவிட்டால் வெள்ளைப் பொடி கிடைக்கும். எத்தனால் நனைந்த ஜெல்லை நேராக மின் அடுப்புக்குள் வைத்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும். உறைய வைத்து உலர்த்தும் கருவி இருந்தால் இன்னும் நல்ல துளைகள் கிடைக்கும். பனிப் படிகங்கள் இருந்த இடமெல்லாம் ஓட்டையாகிவிடும். ஆனால் அப்படிச் செய்த பொருள் குடிப்பதில் ஒரு பகுதி பஞ்சுக் கணக்கு என்பதை நினைவில் வையுங்கள்: கையால் அழுத்தினால் வந்துவிடும்.

பொடியை மாவாக அரைப்பதும் தப்பு. மிக நுணுக்கமான தூள் தண்ணீர் பட்டதும் மேற்பரப்பில் கூழாகி, உள்ளே இருப்பதற்குத் தண்ணீர் போகவிடாமல் அடைத்துவிடும். வெளியே கொழகொழ, உள்ளே காய்ந்த தூள். சல்லடையில் கால் மில்லிமீட்டருக்கும் முக்கால் மில்லிமீட்டருக்கும் இடைப்பட்ட துகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் நீங்கள் கேட்டது பொடியல்ல, அச்சில் அடித்த பிளாஸ்டிக். அதற்குக் கரைசல் வழியில் செய்த ஜெல் உதவாது. புரதத்தையும் கிளிசரினையும் பிசையும்போதே சக்சினிக் அன்ஹைட்ரைடையும் சேர்த்து, கலவையை அச்சுக்குள் செலுத்தி 70 டிகிரிக்கு மேல் இறுகவைப்பார்கள். ஸ்பெயினின் செவில்லா பல்கலைக்கழகத்தில் இந்தப் பாதையில் பல ஆண்டுகளாக வேலை நடக்கிறது. இதில் வாய்ப்புண்டு, ஆனால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும். கிளிசரினில் மூன்று ஹைட்ராக்சில் குழுக்கள் இருக்கின்றன, அவையும் அன்ஹைட்ரைடோடு வினைபுரியும். புரதத்துக்குப் போக வேண்டியதில் ஒரு பங்கை அவை தின்றுவிடும், ஆகவே கூடுதலாகப் போட வேண்டும். பிசையும்போது சூடு தானாக ஏறும், முறுக்குவிசை திடீரென்று எகிறினால் புரதம் அங்கேயே முடிச்சுப்போட ஆரம்பித்துவிட்டது, உடனே நிறுத்தி அச்சுக்குக் கொண்டுபோங்கள். மூன்றாவது, அச்சிலிருந்து வரும் துண்டில் புதிய கார்பாக்சில் குழுக்களில் பெரும்பகுதி அமில வடிவத்தில்தான் இருக்கும். சோடியம் பைகார்பனேட் போன்ற மென்காரத்தில் நனைத்து நடுநிலையாக்கினால்தான் உப்பும். ஒன்றுமே செய்யாமல் உங்கள் பழைய தகட்டை மென்காரத்தில் ஊறப்போட்டுப் பார்த்தாலே முன்பைவிடக் கொஞ்சம் அதிகம் குடிப்பதைக் காண்பீர்கள்.

அளப்பது. ஒரு கணக்கு சொல்கிறேன், எண்கள் உதாரணத்துக்கு. துண்டின் எடை 2 கிராம், அதில் 1 கிராம் கிளிசரின். ஒரு நாள் ஊறிய பின் 9 கிராம். (9 − 2) ÷ 2, அதாவது மூன்றரை மடங்கு என்று எழுதுவீர்கள். அதையே எடுத்து மறுபடி காயவைத்து எடைபோட்டால் 1.05 கிராம்தான் மிஞ்சுகிறது, கிளிசரின் ஏறக்குறைய முழுக்கப் போயிருக்கிறது. அப்படியானால் மிஞ்சிய பொருள் குடித்தது (9 − 1.05) ÷ 1.05, ஏழரை மடங்குக்கு மேல். இரண்டும் உண்மைதான், சொல்லும் விஷயம் வேறு. பொருளை விற்கிறவருக்கு முதல் எண், வலையைப் புரிந்துகொள்ள விரும்புகிறவருக்கு இரண்டாவது. கரைந்துபோன எடையை எழுதாமல் உறிஞ்சும் திறனை மட்டும் எழுதும் அட்டவணைகளை நான் நம்புவதில்லை.

பொடிக்குத் தேநீர்ப் பை முறை. 0.2 கிராமைச் சின்னப் பையில் போட்டு ஒட்டி, 0.9 சதவீத உப்புக் கரைசலில் 30 நிமிடம் முக்கி, தொங்கவிட்டு வடியவைத்து எடைபோடுங்கள். காலிப் பை ஒன்றையும் கூடவே நனைத்துக் கழிக்க வேண்டும். பிறகு அதே பையை மையவிலக்குக் கருவியில் 250 ஜி (புவியீர்ப்பைப் போல 250 மடங்கு) விசையில் 3 நிமிடம் சுழற்றி மறுபடி எடைபோடுங்கள். முன் எடைக்கும் பின் எடைக்கும் இருக்கும் வித்தியாசம் இடுக்கில் நின்ற தண்ணீர், மிஞ்சியது சங்கிலிகள் பிடித்து வைத்திருக்கும் தண்ணீர். டயாப்பர்காரர்கள் இன்னொன்றும் பார்ப்பார்கள். சதுர சென்டிமீட்டருக்கு 50 கிராம் பாரத்தை மேலே வைத்துக்கொண்டு எவ்வளவு குடிக்கிறது என்று. புரத ஜெல்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்தச் சோதனையில்தான், வலை அவ்வளவு மென்மை.

மட்குமா? மட்கும். பாலிஅக்ரிலேட்டின் முதுகெலும்பு கார்பன்-கார்பன் பிணைப்பு, மண் நுண்ணுயிரிகளுக்கு அதில் பல் படாது. புரதத்தின் முதுகெலும்பு அமைடு பிணைப்பு, அதை வெட்டும் நொதிகள் மண்ணில் எங்கும் உண்டு. நாம் செய்த மாற்றம் அந்த வேலையைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். உதாரணமாக டிரிப்சின் என்ற நொதி லைசினுக்கும் ஆர்ஜினினுக்கும் பக்கத்தில்தான் வெட்டும், சக்சினிக் மூடிய லைசினை அதற்கு அடையாளம் தெரியாது. ஆனால் வேறு இடங்களில் வெட்டும் நொதிகள் நிறைய. முடிச்சு கூடக்கூட வேகம் குறையும். ‘மட்கும்’ என்று அச்சடித்து விற்க வேண்டுமானால் தரச்சோதனை வேண்டும். ஐரோப்பிய இஎன் 13432-இன்படி 6 மாதத்துக்குள் கார்பனில் 90 சதவீதம் கார்பன் டை ஆக்சைடாக மாற வேண்டும், அதுவும் 58 டிகிரி வாக்கில் இருக்கும் தொழிற்கூட உரக்குவியலில். குளிர்ந்த மண்ணில் அதே வேகத்தை எதிர்பார்க்காதீர்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. உங்கள் தகடு இரண்டே நாளில் நாறியதற்குக் காரணமும் இதே குணம்தான். புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன், கார்பன் அதைப் போல மூன்று மடங்குக்குச் சற்று மேல். நனைந்த புரதம் நுண்ணுயிரிகளுக்கு இறைச்சி மாதிரி. நைட்ரஜன் மிஞ்சி அம்மோனியாவாக வெளியேறும். எனவே நனைந்தபடி நாள்கணக்கில் இருக்க வேண்டிய பொருளுக்கு, உதாரணமாக உடம்பில் ஒட்டி நிற்கும் சுகாதாரப் பொருளுக்கு, இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நாற்றம், நிறம், கோதுமைப் புரதமாக இருந்தால் ஒவ்வாமை என்று எல்லாப் பக்கமும் இடிக்கும்.

இதே குணம் மண்ணில் வரமாகிறது. வேர்ப்பகுதியில் ஈரத்தைப் பிடித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சிதைந்து, 1 கிலோவுக்கு 160 கிராம் நைட்ரஜனைச் செடிக்குக் கொடுத்துவிட்டுக் காணாமல் போகும். துத்தநாகம் போன்ற நுண்ணூட்டத்தை உள்ளே வைத்து மெல்ல வெளிவிடச் செய்யும் சோயா பிளாஸ்டிக்குகளும் வந்திருக்கின்றன. ஆனால் துத்தநாகமும் இரட்டை மின்சுமை அயனி, கார்பாக்சிலைக் கவ்வி உறிஞ்சும் திறனைக் குறைக்கும். இரண்டையும் ஒன்றாக முழு அளவில் கேட்க முடியாது. விதைக்கு மிக அருகில் போடுவதும் வேண்டாம், அம்மோனியா முளையைச் சுடும். உணவுப் பொட்டலத்தில் இறைச்சிக்கு அடியில் வைக்கும் உறிஞ்சு பட்டையும் பொருத்தமான இடமே, ஓரிரு நாளில் குளிர்ச்சியோடு வேலை முடிந்துவிடும்.

உங்களிடம் மிச்சமிருக்கும் தகடுகளை வீணாக்காதீர்கள். ஒரே அளவில் மூன்று துண்டு வெட்டி, ஒன்றை நல்ல தண்ணீரில், ஒன்றை உப்புக் கரைசலில், ஒன்றை 1 சதவீத சோடியம் பைகார்பனேட்டில் போடுங்கள். ஒரு நாள் கழித்து எடை, பிறகு காயவைத்து மறு எடை. கரைந்துபோனது கிளிசரினின் எடைக்கு மேல் இருந்தால் முதலில் முடிச்சைச் சரிசெய்யுங்கள், அன்ஹைட்ரைடு வாங்குவதை அதுவரை தள்ளிப்போடலாம்.